அழுத்தம் ஏற்றாத குழாய்

பிப்ரவரி 9

அக்கா,

எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நானும் இவரும் சுகம். மிளகுக்கு மறுபடி காய்ச்சல் வந்து, இப்போது விட்டிருக்கிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் இரண்டே அறை. எங்கே நின்று பேசினாலும் மிளகு பின்னால் வந்து நிற்கிறாள். போன வாரம் உன்னோடு பேசிவிட்டு வைத்ததும் கேட்டாள்: "அம்மா, எனக்குள்ள என்ன உடைஞ்சிருக்கு?" நாலு வயது.

இரண்டாவது முறையாகச் சிறுநீரில் கிருமி. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மேலே இரண்டு சிறுநீரகம். கீழே பை. நடுவில் இரண்டு குழாய். குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் ஒரு மடிப்பு. கீழே வந்த நீர் திரும்ப மேலே ஏறாமல் அது தடுக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அது சரியாக மூடுவதில்லையாம். நீர் கிருமியோடு மேலே போய்விடும். சிறுநீரகத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் அப்புறம் வேலை செய்யாது.

"புரியுதாம்மா?" என்றார்.

"குடிநீர்த் துறையில இன்ஜினியரா இருக்கேன் சார். ஒருவழி வால்வு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஒருவழி வால்வு பழுதானால் என்ன ஆகும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சாதாரண ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. அது போதாதாம். அடியில் குழாய் விட்டு, பையை மருந்தால் நிரப்பி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். நீ தினமும் செய்கிற வேலை. வேறு வழி இல்லையா? வலிக்குமா? அதை மட்டும் முதலில் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 15

அடி அசடு,

முதுகு அதன் இடத்தில் இருக்கிறது. ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றால் எந்த முதுகும் என் முதுகு மாதிரித்தான் இருக்கும். நீ சாப்பிடு. தூங்கு. முதலில் அது.

வலிக்காது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். குழாய் நூடுல்ஸைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

வழிகள் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் எல்லாம் துல்லியமாகத் தெரியும், எந்த அளவுக்கு ஏறுகிறது என்பது உட்பட. கதிர் உண்டு, இப்போதைய இயந்திரங்களில் குறைவு. இன்னொன்று, பைக்குள் மிகச் சிறிய அளவில் கதிர்வீசும் மருந்து விட்டு, வெளியே காமிரா வைத்துப் பார்ப்பது. கதிர் அதைவிடக் குறைவு. படம் மங்கல், பனியில் தெரு பார்க்கிற மாதிரி. மூன்றாவது புதிது: நுண்ணிய குமிழிகள் உள்ள மருந்தைப் பையில் நிரப்பி, சாதாரண ஸ்கேன் கருவியாலேயே பார்ப்பது. கதிரே கிடையாது. குமிழி மேலே ஏறினால் பளிச்சென்று மின்னும். ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சில இடங்களில்தான் இருக்கிறார்கள். எங்களிடம் இல்லை.

என் அறைக்கு வருகிற குழந்தைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே போகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் போய்விடுகிறார்கள். இங்கே எனக்குப் பேர் என்ன தெரியுமா? குழாயடி. பை நிறைந்ததும் ஓரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றி, ஸ்ஸ் என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். பெரிய டாக்டரே எட்டிப் பார்த்து, "குழாயடில கூட்டம் எப்படி?" என்பார்.

மிளகுக்குப் பெரியம்மா முத்தம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

நீ வலிக்காது என்று எழுதிய வரியை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

நீ சொன்ன மூன்றிலும் குழாய் இருக்கிறது. அதைக் கடைசி வரிவரை தேடினேன். குழாய் இல்லாத ஒன்று இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு தூரமானாலும் போகிறேன்.

இங்கே எக்ஸ்ரேதான். மார்ச் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தினமும் ராத்திரி ஒரு மூடி மருந்து. கிருமி திரும்ப வராமல் இருக்க. மிளகு அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "இது யார் கண்டுபிடிச்சது, அவங்கள கூப்பிடு" என்கிறாள்.

இவர் வேலை முடிந்து வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்.

அவள் படுக்கை நனைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். பக்கத்து வீட்டுக் குழந்தை நனைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். "படுத்துட்டே போறது பாப்பாங்க. நான் பாப்பா இல்ல." நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பயமாக இருக்கிறது. எதற்கு என்று தனியாகப் பிரிக்க முடியவில்லை.

தங்கை


மார்ச் 3

தங்கமே,

இருக்கிறது. கையில் ஊசி போட்டு, மருந்து சிறுநீரகம் வழியாக இறங்கிப் பைக்கு வரும்வரை காத்திருந்து, காமிராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒண்ணுக்குப் போக வேண்டும். குழாய் கிடையாது. ஆனால் சொன்ன நேரத்தில் அசையாமல் போகிற குழந்தையாக இருக்க வேண்டும். லேசாக ஏறுவது அதில் தப்பிவிடும். முதல் முறைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எனக்கும் எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியதில் ஒன்று என்னை உறுத்துகிறது. படுத்துக்கொண்டு போவது பாப்பா என்று சொல்லிக்கொடுத்தாய் அல்லவா, அதை அழி. இன்றிலிருந்தே. குளியலறைத் தரையில் துண்டு விரித்து, படுத்துக்கொண்டே போகப் பழக்கு. விளையாட்டு மாதிரி. அன்றைக்கு அவள் அந்த மேஜையில் போயே ஆக வேண்டும். அவள் போகும்போது எடுக்கிற படத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இந்த முறை இதை முழு மனதோடு எழுதுகிறேன்.

சோதனை முடிந்தது. ஒன்றும் இல்லை. பை உருண்டையாக, வெள்ளையாக, தனியாக நின்றது. மேலே ஒரு கோடுகூட ஏறவில்லை. நானே திரையில் பார்த்தேன்.

மிளகு நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். அவள் டீச்சருக்குப் பல் விழுந்துவிட்டதாம், பெரியவர்களுக்கும் விழுமா என்று என் பல்லை ஆட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், காலையில் டிரம்பட் பழகுகிறார், தெரு முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே எழுந்திருக்கிறது. இவர் பழைய சைக்கிளுக்குப் பச்சை நிறம் அடித்தார். சட்டைக்கும் அடித்துக்கொண்டார்.

ராத்திரி மருந்தை நிறுத்திவிட்டேன். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு மருந்து.

தங்கை


ஏப்ரல் 8

கண்ணு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டிரம்பட்காரர் வரை.

ஒரே ஒரு கேள்வி. பை நிறைந்த பிறகு, மேஜையிலேயே ஒண்ணுக்குப் போனாளா? அப்போது எடுத்த படமா நீ பார்த்தது? பையில் நீர் சும்மா நிற்கும்போது மடிப்பு மூடியிருக்கலாம். பை சுருங்கி வெளியே தள்ளும்போதுதான் அழுத்தம். பல குழந்தைகளுக்கு அப்போது மட்டும்தான் ஏறும்.

மருந்தை டாக்டரைப் பார்த்துவிட்டுத்தானே நிறுத்தினாய்?

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

தாமதத்துக்கு வேலைதான் காரணம். மிளகு சுகம். கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள் என்று கதவுச் சட்டத்தில் கோடு போட்டோம்.

புதிய குடியிருப்புக்குப் போகிற குழாய் வரிசையை ஏற்றுக்கொள்ளும் வேலை. முந்தாநாள் கான்ட்ராக்டர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி நிறைச்சுப் பாத்தாச்சு மேடம். ஒரு சொட்டு ஒழுகல. கையெழுத்து போட்டுடுங்க."

"நிறைச்சா போதுமா? அழுத்தம் ஏத்தினீங்களா?"

"அது எதுக்கு மேடம், பாருங்க, எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு."

"சும்மா நிக்கிற தண்ணி எல்லா குழாய்லயும் நல்ல பிள்ளைதான். ஏத்திட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். மூன்றாவது இணைப்பில் பீய்ச்சி அடித்தது, அவர் குடைக்குள்ளேயே. ஆட்கள் திரும்பி நின்று சிரித்தார்கள்.

டாக்டரைப் பார்க்க நாள் வாங்க வேண்டும். பார்க்கலாம்.

உன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

தங்கை


மே 4

குடை கதையைப் படித்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

நீ என் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாய். எழுதியது உனக்குத் தெரியுமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவள் போகவில்லை. அப்படித்தானே?

மருந்தைத் திரும்பத் தொடங்கு. டாக்டரைப் பார். மற்றதைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அக்கா


ஜூன் 11

என் தங்கைக்கு,

பதில் இல்லை. போன் செய்தேன். உன் வீட்டுக்காரர் எடுத்து, "எல்லாம் நல்லா இருக்குக்கா, அவ குளிக்கிறா" என்றார். மூன்று முறையும் குளித்தாய்.

அவருக்குத் தெரியாது என்று அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

நேற்று மிளகு வயதில் ஒரு பையன் வந்தான். நிரப்பும்போது சுத்தமாக இருந்தது. அவன் அம்மா திரையைப் பார்த்து மூச்சு விட்டாள். அந்த மூச்சை நான் தினமும் கேட்கிறேன். ஓரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். அவன் போகத் தொடங்கினான். இரண்டு பக்கமும் மேலே ஏறியது, மரம் கிளை விடுகிற மாதிரி.

 

கோபமாக இருந்தால் கோபமாக எழுது.

அக்கா


ஜூலை 6

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. அவளுக்குக் காய்ச்சல். போன இரண்டையும்விட மோசம். கையில் ஊசி குத்தி, அதன் வழியாக மருந்து போகிறது. கை அசையக் கூடாது என்று அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் யாரோ ஒரு நர்ஸ் மீன் வரைந்திருக்கிறாள். கண் திறந்தால் மீனைப் பார்க்கிறாள். இடது பக்கம் இடுப்புக்கு மேல் தொட்டால் முனகுகிறாள்.

எழுதிவிடுகிறேன்.

நீ சொன்ன மாதிரி துண்டு விரித்துப் பழக்கினேன். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நீ பொய் சொல்ற, அது பாப்பா" என்றாள். விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் குழாய் போட்டபோது அலறினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கைப்பையில் உன் வரி இருந்தது. வலிக்காது. என்னைத்தான் பார்த்தாள், அவர்களை அல்ல. நீயுமா என்கிற மாதிரி.

நிரப்பினார்கள். திரை சுத்தமாக இருந்தது. "இப்ப போகலாம் பாப்பா" என்றார் டெக்னீஷியன். பாப்பா என்றார், அக்கா. அவள் இறுக்கிக்கொண்டாள். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வெளியே வரிசை நின்றது. "அம்மா, நீங்க சொல்லுங்க. சொன்னா போவா."

குனிந்தேன். காதில் கேட்டாள்: "இங்கயேவாம்மா?"

திரை சுத்தமாக இருந்தது. அப்படியே முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது. "வேண்டாம்னா வேண்டாம்டா" என்றேன்.

குழாயை எடுத்ததும் கழிப்பறைக்கு ஓடினாள். "ஒரு சொட்டுகூட விடலம்மா" என்றாள். தட்டிக்கொடுத்தேன்.

போகும்போது எடுத்த படம் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்றார்கள். டாக்டரிடம் போகவில்லை. நிறைத்துப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு ஒழுகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இவரிடம் நேற்றுச் சொன்னேன். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "டீ வேணுமா?" என்று கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.


ஜூலை 10

என் உயிரே,

லீவு கேட்டேன். இங்கே நான் ஒருத்திதான், மாற்று ஆள் வந்தால்தான் விடுவார்கள். அதனால் எழுதுகிறேன். ஒரு வரி போதும், காய்ச்சல் இறங்கியதா என்று எழுது.

வலிக்கும். குழாய் போடும்போது எரியும், கொஞ்ச நேரம். பயந்த குழந்தைக்கு அதிகமாக எரியும். எனக்குத் தெரியும். வலிக்காது என்பது நான் அந்த அறையில் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறது. அவர்கள் கை நடுங்காமல் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காக. உனக்கும் அதையே எழுதிவிட்டேன். வேலைக் குரல். நீ அதை மடித்து வைத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

இனி உனக்கு உண்மை மட்டும். மறுபடி பார்க்க வேண்டும். கிருமி போய்விட்டது என்று சொன்ன பிறகு. உங்கள் ஊரிலேயே குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரியில் குமிழி ஸ்கேன் தொடங்கியிருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். குழாய் அதேதான். ஆனால் கதிர் இல்லாததால் நீ அவளை மடியில் வைத்துக்கொள்ளலாம். படுக்க வைக்க வேண்டாம். அவசரமும் இல்லை, அவள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். மரத்துப்போகிற ஜெல்லி முன்னாலேயே தடவச் சொல். கேட்டால்தான் தடவுவார்கள்.

அவளிடம் முன்கூட்டியே சொல். எரியும் என்று. எங்கே போக வேண்டும் என்று. யார் சொன்னால் போக வேண்டும் என்று.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். ராத்திரி மருந்து ஒரு நாள் தவறவில்லை. இவர்தான் கொடுக்கிறார், மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. பச்சைச் சைக்கிள் ஓடுகிறது.

நேற்றுப் போனோம்.

ஜெல்லி கேட்டேன். "யார் சொன்னா?" என்றாள் நர்ஸ். "குழாயடி" என்றேன். விழித்தாள்.

எரியும் என்று முன்பே சொல்லியிருந்தேன். "எவ்வளவு?" என்று கேட்டிருந்தாள். "எனக்குத் தெரியலடா, நீ சொல்லு" என்றேன். குழாய் போகும்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, "இவ்ளோ" என்றாள். நகம் பதிந்திருக்கிறது. அலறவில்லை.

நான் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தேன். மடியில் அவள். பின்பக்கம் டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பை நிறைய நிறைய ஒன்றும் இல்லை. சிறுநீரகம் கறுப்பாக, அமைதியாக. மூச்சு வந்தது. அதை விடாமல் வைத்துக்கொண்டேன்.

"இப்ப போகச் சொல்லுங்கம்மா."

மிளகு என்னைப் பார்த்தாள். அதே பார்வை.

"இங்கயேவாம்மா? உன் மேலயா?"

"என் மேலதான்."

"திட்டமாட்டேல்ல?"

"மாட்டேன். போடா கண்ணு."

இறுக்கிக்கொண்டாள். அவள் வயிறு என் கைக்குக் கீழே கல்லாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த அறையில் குழாயைத் திறந்துவிட யாரும் இல்லை, அதனால் நானே ஸ்ஸ் என்றேன். வெகு நேரம். நீ சின்ன வயதில் எனக்குச் சொன்ன மாதிரி. உதடு காய்ந்துவிட்டது. அப்புறம் அவள் உடம்பு மெல்லத் தளர்ந்தது. என் மடியில் சூடு பரவியது.

அந்தச் சூடு இன்னும் பரவிக்கொண்டிருக்கும்போதே, திரையில், இடது சிறுநீரகத்தின் கறுப்புக்கு நடுவில், ஒன்று மின்னியது. பிறகு நிறைய.

"இதோ" என்றார் டாக்டர், மெதுவாக.

"போயிட்டேம்மா" என்றாள் மிளகு. "நிறைய போயிட்டேன்."

"நல்ல பொண்ணு" என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே.

ஐந்தில் மூன்றாம் நிலை. நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரத் தானே மூடிக்கொள்ளுமாம். எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாற்றுப் பாவாடை எடுத்துப் போக மறந்துவிட்டேன். ஈரத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா இல்ல, நான்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்தது ஜனவரியில். சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன். அதற்குக் குழாய் கிடையாது, ஊசி மட்டும். வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள்.

தழும்பு இருந்தால், அது எந்தக் காய்ச்சலில் விழுந்தது என்று அந்தப் படத்தில் தெரியுமா? முதல் இரண்டு காய்ச்சலிலா, நான் மருந்தை நிறுத்திய பிறகா? தெரியும் என்றால் எழுதாதே. தெரியாது என்றாலும் எழுதாதே.

உன் முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

தங்கை